படையும் குடியும்

மாணாக்கரிடத்தே ஒழுங்கு குன்றிவிட்டது. மூத்தோரை மதிக்கும் பண்பு அருகிவிட்டது. ஆதலின் உயர்வகுப்புப் பிள்ளைகள் எல்லார்க்கும் படைப்பயிற்சியைக் கட்டாயமாக்குதல் வேண்டும் என்னும் குரல் நம் நாட்டிலே காலத்துக்குக் காலம் எழுவதும் அடங்குவதுமாய் இருக்கின்றது. 2021-ஆம் ஆண்டில், 18 வயது நிரம்பிய எல்லார்க்கும் இராணுவப் பயிற்சி அளித்தல் வேண்டுமென அமைச்சர் ஒருவரே முன்மொழிந்தார். தலைமைத்துவமும் நற்குடிமையும் அதனால் வளரும் என்பது இவ்வாறு கூறுவார் காட்டும் காரணம். முப்பதாண்டுகளாகப் பிள்ளைகளுக்குத் தமிழும் இலக்கணமும் சொல்லிக்கொடுத்து வருபவன் என்னும் உரிமை ஒன்றையே துணையாகக் கொண்டு, இக்கருத்தை ஈண்டு ஆராய விழைகின்றேன்.

மறுக்கவொண்ணாதவற்றை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் முறை. நம் நாட்டு மாணவர் படையணி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1881-ஆம் ஆண்டிலே கொழும்பு றோயல் கல்லூரியில் அது தொடங்கியது. விரும்பிச் சேர்ந்த பிள்ளைகள் வைகறையில் எழவும், உடையைத் தூய்மையாக அணியவும், குறித்த நேரத்திற் குறித்த இடத்தில் நிற்கவும் அதிலே பழகினர். களைப்பைப் பொறுத்தலும், தோழன் சுமையைத் தானும் தாங்குதலும் சிறிய பேறுகள் அல்ல. வகுப்பிலே கேட்ட வினாவுக்கும் விடைகூறத் தயங்கிய மாணவர் சிலர், சாரணர் அணியிலோ படையணியிலோ சேர்ந்து ஓராண்டு கழிந்தபின் சபையின்முன் நிமிர்ந்து நின்று பேசியதை நான் கண்டதுண்டு. ஆகவே, விரும்பினார்க்கும் இப்பயிற்சி இருத்தல் கூடாது என்பது என் வாதமன்று. ஆராயவேண்டிய வினாக்கள் வேறு இரண்டு உள. விருப்பத்தாற் பயன் தந்த ஒன்று கட்டாயத்தாலும் அப்பயனைத் தருமா? படைக்கு உரிய பயிற்சி குடிமக்களை ஆக்க வல்லதா?

முதல் வினாவுக்கு அயல்நாட்டின் அநுபவம் ஓரளவு விடை தருகின்றது. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தேசிய மாணவர் படை அமைக்கப்பட்டது. 1962-இற் சீனாவோடு நிகழ்ந்த போரின்பின், 1963-ஆம் ஆண்டில் அது கல்லூரி மாணவர்க்குக் கட்டாயமாயிற்று. நாடு முழுவதும் உணர்ச்சி கொந்தளித்த காலத்திற் பிறந்த அக்கட்டாயமும் நெடிது நிலைக்கவில்லை. 1968-இல் அது மீண்டும் விரும்பினார்க்கே உரியதாக மாற்றப்பட்டது. மறு ஆண்டு, காந்தியடிகளின் நூற்றாண்டிலே, நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. துப்பாக்கி ஏந்தாது கிராமத்துக்குச் சென்று உழைத்தலும் நாட்டுக்குச் செய்யும் தொண்டே என்பதற்கு அத்திட்டம் சான்றாயிற்று.

அமெரிக்காவிலே 1916-ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் தோன்றிய இளையோர் சேமப்படை அதிகாரிப் பயிற்சி ஏறக்குறைய 3,500 உயர்நிலைப் பாடசாலைகளில் நடைபெறுகின்றது. ஓய்வுபெற்ற படையினர் அதனைக் கற்பிக்கின்றனர். குடிமைப் பண்பையும் நாட்டுத் தொண்டையும் பொறுப்புணர்ச்சியையும் ஊட்டுதலே அதன் நோக்கமெனச் சட்டம் கூறும். ஆயினும், தாமே தெரிந்தெடுக்காத மாணவர் பலர் அவ்வகுப்பிற் சேர்க்கப்பட்டிருந்தமையை 2022-ஆம் ஆண்டில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்தியது. குடிமையைக் கற்பிக்கப் புகுந்த இடத்திலேயே, குடிமகனுக்குரிய தெரிவு மாணவரிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

அந்நாட்டுப் புளோரிடா மாநிலத்துப் பார்க்லண்ட் நகரப் பாடசாலை ஒன்றில் 2018-ஆம் ஆண்டு பெப்ரவரி 14-ஆம் நாள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்று இப்பயிற்சிக்குரிய சீருடை அணிந்திருந்த 15 வயதுச் சிறுவன் ஒருவன், மற்றவர்கள் தப்பியோடும்பொருட்டுக் கதவைத் திறந்து பிடித்து நின்று தன்னுயிரை ஈந்தான். அதனை எண்ணுந்தோறும் கண் கசியும். ஆனாற் கொலை புரிந்த இளைஞனும் முன்னர் அதே பாடசாலையிலே அதே பயிற்சியைப் பெற்றவன். சிறுவனின் தியாகத்துக்குப் பயிற்சியே காரணமென்றால், மற்றவனின் கொடுமைக்கும் அதனையே காரணமாகக் கூறல் வேண்டும். இரண்டும் பொருந்தா. அணிவகுப்பு ஒழுங்கைத் தரும். ஒழுக்கம் வீட்டிலிருந்தும், நட்பிலிருந்தும், நல்லாசிரியர் தொடர்பிலிருந்தும் வருவது.

நம் நாட்டு அநுபவம் இன்னும் அணுக்கமானது. 2011-ஆம் ஆண்டு மே மாதத்தில், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்க்கு மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சி இராணுவ முகாம்களிலே தொடங்கப்பட்டது. முதற்கட்டத்தில் ஏறத்தாழ 10,000 பேர் அழைக்கப்பட்டனர். பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் அதனை நிறுத்திவைக்கக் கோரியது. போர் முடிந்து ஈராண்டே கழிந்திருந்த வேளை அது. வன்னியிலே தந்தையையோ தமையனையோ இழந்து, இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்து படித்துப் பரீட்சையிற் சித்தியெய்திய ஒரு பிள்ளைக்கு, இராணுவ முகாமின் வாயில் எவ்வாறு தோன்றியிருக்கும்? எல்லார்க்கும் ஒரே பயிற்சி அளித்தாற் சமத்துவம் உண்டாகும் என அழைத்தவர்கள் நல்லெண்ணத்துடனே கருதியிருக்கலாம். ஆனால் அந்த முகாம் கண்டியிலிருந்து வந்த பிள்ளைக்கு ஒன்றாகவும், கிளிநொச்சியிலிருந்து வந்த பிள்ளைக்கு வேறொன்றாகவும் இருந்தது. இவ்வேறுபாட்டைக் காணாத திட்டம் தலைமைத்துவம் பற்றிப் பேசுதற்குத் தகுதி பெறாது.

இவ்விடத்து நம் பக்கத்துக் குறையை மறைத்தலும் நேர்மையன்று. போர்க்காலத்திலே விடுதலைப் புலிகள் 18 வயது நிரம்பாத பிள்ளைகளைப் படையிற் சேர்த்தமையை ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் பதிவுசெய்தது. புத்தகப்பை தொங்கிய தோளிலே துவக்குத் தொங்கிற்று. அதனைக் கடமையென வாழ்த்தியவர்கள் நம்முள் இருந்தனர். அஞ்சி வாய்மூடி இருந்தவர்கள் அவர்களினும் பலர். அரசு செய்தாற் குற்றம், நம்மவர் செய்தால் வீரம் என்னும் இரட்டை அளவுகோல் பிள்ளைகள் விடயத்திற் செல்லாது.

சங்கப் பாட்டிலே மறம் போற்றப்படவில்லையா, ஒரே மகனையும் தாய் போர்க்களத்துக்கு அனுப்பினாள் அல்லளோ எனப் புறநானூற்றை எடுத்துக்காட்டுவாரும் உளர். ஒக்கூர் மாசாத்தியாரின் அப்பாட்டை நானும் ஆண்டுதோறும் கற்பிக்கின்றேன். ஒரு காலத்தின் வாழ்வையும் துயரையும் காட்டும் உயர்ந்த கவிதை அது. பாடசாலை நேரசூசி வகுப்பதற்கு எழுந்த விதியன்று. அதே தொகையிலே கல்வியின் சிறப்பைப் பாடியவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். தன் பெயரிலேயே படைவெற்றியைத் தாங்கிய அவ்வரசன் வற்புறுத்தியது படைக்கலப் பயிற்சியை அன்று, கற்றலையே.

இனி இரண்டாம் வினா. அரசனுக்குரியவற்றை ஆறென எண்ணிய திருவள்ளுவர் படையையும் குடியையும் வெவ்வேறாகவே வைத்தார். படையே குடியையும் ஆக்கிவிடுமாயின் இரண்டை எண்ணவேண்டியதில்லை. இரண்டும் நாட்டுக்கு வேண்டும். ஒன்றின் வேலையை மற்றதன்மேல் ஏற்றினால் இரண்டும் கெடும்.

இலக்கணமும் இவ்வேறுபாட்டைத் தெளிவிக்கும். ஏவல் வினை முன்னிலையில் நிற்பானை மட்டும் நோக்கியது. ‘நட’ என்றவுடன் ஏவியவன் நிற்க, ஏவப்பட்டவன் நடப்பான். வியங்கோளோ, நன்னூலார் கொள்கைப்படி, மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் பொதுவானது. கூறுவானும் அதனுள் அடங்குவான். படைக்கு ஏவல் இன்றியமையாதது. குண்டு பாயும் களத்திலே விவாதம் நடத்த இயலாது. குடியாட்சியின் சட்டமோ வியங்கோள் போன்றது. இயற்றியவனையும் அது கட்டும். அதனை ஏற்குமுன் ‘ஏன்’ எனக் கேட்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு. ஏற்றபின், காவலர் இல்லாவிடத்தும் அதன்வழி நிற்கும் கடமையும் உண்டு. ஏவலை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, ஏவுவார் இல்லாதபோது செய்வதறியாது திகைக்கும். தானே ஏவும் பதவிக்கு வந்தபோதோ எதிர்வினாவைப் பொறுக்க மாட்டாது.

அங்ஙனமாயின் தலைமைத்துவத்தை எங்கே கற்பிப்பது? புதிய முகாம் எதுவும் வேண்டியதில்லை. நம் பாடசாலைகளிலே நெடுங்காலமாக இருந்துவருவது மாணவர் மன்றம். அதன் வேலைமுறையைச் சற்று எண்ணிப் பார்மின். தலைவர் சபையை அமைதிப்படுத்துகின்றார். செயலாளர் சென்ற கூட்டறிக்கையை வாசிக்கின்றார். பிழையிருப்பின் எந்த மாணவரும் எழுந்து திருத்தம் கூறலாம். அத்திருத்தத்தை ஒருவர் பிரேரிக்க மற்றொருவர் ஆமோதிக்கின்றார். இன்று தலைவர் ஆசனத்தில் இருந்த பிள்ளை அடுத்த தவணையிற் பின்வரிசையில் இருந்து பிறர் தலைமைக்கு அடங்குகின்றது. ஆளவும் ஆளப்படவும் மாறிமாறிப் பழகும் இதனினும் சிறந்த குடிமைப் பயிற்சி எது? இதனோடு சாரணியமும், முதலுதவியும், சிரமதானமும், சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒருவர் மொழியை மற்றவர் கற்கும் கூட்டுமுகாமும் சேருமாயின், படைமுகாமிலே தேடும் ஒழுங்கும் துணிவும் தோழமையும் தாமே வந்து பொருந்தும். அதன்மேலும் படையணியை விரும்பும் பிள்ளை பெற்றோர் இசைவுடன் சேரட்டும். விரும்பாத பிள்ளை நாணமின்றி விலகி நிற்கட்டும்.

ஆனால் மாணவர் மன்றம் இன்று பல பாடசாலைகளில் நேரசூசியிலே பெயரளவில் மட்டும் இருக்கின்றது. பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது அப்பாடவேளையே. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அதனை நாமே விட்டுக்கொடுக்கின்றோம். பிள்ளைகள் பேசிப் பழகும் ஒரே வேளையை எடுத்துவிட்டு, அவர்களிடம் பொறுப்பில்லை என முறையிடுதலும், அப்பொறுப்பைப் புகட்ட இராணுவத்தாரை அழைத்தலும் ஆசிரியத் தொழிலுக்கு அழகல்ல. வருந் தவணையிலாவது வாரத்துக்கு ஒரு பாடவேளையை மன்றத்துக்கென உறுதியாய் ஒதுக்கி, ஆசிரியர் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பாராக. அதிபர்களும் உடன் ஆசிரியர்களும் இதனை ஏற்றருளுமாறு வேண்டுகின்றேன்.