தவளை நீங்கிய பின் செய்முறை வகுப்பு

உயிரியல் பயிலப் புகுந்த மாணவன் முதன்முதலிற் கத்தி வைத்தது தவளையின்மீது என்று சொல்லத்தக்க காலம் ஒன்று இருந்தது. மெழுகுத் தட்டில் அதனை மல்லாத்தி, கால்கள் நான்கையும் ஊசியால் இருத்தி, தோலும் தசையும் நீக்கி, உள்ளுறுப்புக்களைக் கண்டு படம் வரைவதே செய்முறைப் பாடத்தின் தலைவாயிலாயிருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தும், 2014-இல் அறிவிப்பொன்றின் வாயிலாகவும் இவ்வழக்கத்தை நிறுத்தச் செய்தது. அம்முடிவு சரியானதே. ஆயினும், தவளை அகன்ற மேசைமீது அதற்கு ஈடாக எது வைக்கப்பட்டது என்று வினவின், பல இடங்களில் நேரான விடை கிடைப்பதில்லை. சுவர்ப்படமும் கணினித் திரையும், சென்ற ஆண்டு மாணவரின் ஏட்டைப் பார்த்தெழுதிய ஏடுமே அவ்விடத்தைப் பற்றிக்கொண்டன.

அறுவைப் பாடத்தை ஆதரித்தோர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. அச்சிட்ட படத்தில் கல்லீரல் ஒரு நிறம், இரைப்பை வேறொரு நிறம். உடலினுள்ளோ அவை ஒன்றன்மேலொன்று படிந்து கிடக்கும். எது எங்கே முடிகிறது என்று தேடியே காணவேண்டும். தான் கண்டதும் நூல் கூறுவதும் ஒவ்வாதபோது மாணவன் சற்றே தயங்குவான். அத்தயக்கம் படிப்பிற்கு மிகவும் வேண்டப்படுவது. வண்ணப் படத்தை நகலெடுப்பவனுக்கு அது ஒருநாளும் நேராது.

அதனை மீட்டுத் தருவதற்குத் திருவனந்தபுரத்தைப் போல வாய்ப்புள்ள நகரங்கள் சிலவே. இந்நகரில் அருங்காட்சியகம் 1857-லும், அதனை அடுத்து 1859-இல் மிருகக்காட்சிசாலையும் தோன்றின. அவ்வருங்காட்சியகத்தின் இயக்குநராயிருந்த ஃபெர்குசன் என்பார் திருவிதாங்கூரில் வாழும் தவளையினங்களின் பட்டியலொன்றை 1904-இல் வெளியிட்டார். தவளையை அறுத்துத் தேர்ச்சி பெற்ற பல தலைமுறை மாணவருள், தம் வீட்டுத் தோட்டத்தில் எத்தனை வகைத் தவளைகள் உள்ளன என்று எண்ணிப் பார்த்தவர் எத்துணைப் பேர் இருப்பர்?

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், கிணற்றுச் சுவரிலும் நீர்த்தொட்டியின் விளிம்பிலும் நீர்மேற் சாய்ந்த இலைகளிலும் வெண்ணுரைத் திரள் ஒட்டியிருப்பதைக் காணலாம். அது மரத்தவளையின் கூடு. பெண் தவளை தன் உடலினின்று சுரக்கும் நீரைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கி, அதனுள் முட்டையிடுகிறது. நுரையின் மேற்புறம் உலர்ந்து தோல்போலாகும். உட்புறம் ஈரம் மாறாதிருக்கும். சில நாட்களில் தலைப்பிரட்டைகள் வெளிப்பட்டுக் கீழேயுள்ள நீரில் விழும். முட்டையை நீரிலேயே இடாததேன்? நீரில் அதற்குப் பகை யாது? கூட்டின்கீழ் நீரில்லாவிடின் என்னவாகும்? முதலிற் புறத்தே தோன்றுவன முன்னங்கால்களா, பின்னங்கால்களா? இவற்றை நாள்தோறும் பார்த்துத் தேதியிட்டுக் குறித்துவரும் மாணவன் வளருருமாற்றம் என்னும் பாடத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இதன்பொருட்டு எந்த உயிரையும் பிடிக்கவோ வீட்டிற்குக் கொண்டுவரவோ வேண்டுவதும் இல்லை; வன உயிர்ச் சட்டத்தை நோக்கினும் அதுவே நல்வழி.

ஆசிரியருக்கு இப்பணியிற் சிறந்த துணை, ஊர்தோறும் சுற்றும் சுகாதாரக் களப்பணியாளரே. தேங்காய்ச் சிரட்டையிலும், பூந்தொட்டியின் அடித்தட்டிலும், ரப்பர்த் தோட்டங்களிற் பாலேந்தும் கிண்ணங்களிலும் ஏடிஸ் கொசு பெருகுவதை அவர் நாள்தோறும் கண்டு வருகிறார். புழுக்கள் உள்ள நீரிற் சிறிதளவை அவர் பள்ளிக்குக் கொண்டுவந்து, கண்ணாடிக் குவளையில் ஊற்றி, வலைத்துணியால் இறுகக் கட்டி வைத்தாற் போதும். அனாபிலிஸ் புழு நீர்மட்டத்தோடு படுத்த வாக்கில் மிதக்கும். ஏடிஸும் கியூலெக்ஸும் சுவாசக் குழலை மேலே நீட்டித் தலைகீழாய்த் தொங்கும். இவ்வேறுபாட்டை ஒருமுறை கண்ணாற் கண்ட சிறுவன், சிரட்டையைக் கவிழ்த்து வைக்குமாறு வீட்டாரிடம் தானே சொல்வான். கூட்டுப்புழுப் பருவம் கண்டவுடன், கொசு வெளிப்படுமுன், நீரை வெயில் படும் உலர்ந்த தரையிற் கொட்டிவிடுதல் அவசியம்.

தாவரப் பெயர்களைக் கண்டு அஞ்சும் மாணவர் மிகப் பலர். இலத்தீன் எனக் கருதி அவர்கள் நெட்டுருப் போடுவனவற்றுட் சில நம்மவர் நாவில் வழங்கும் சொற்களே. மொரிங்கா என்பது முருங்கை. பொங்கேமியா என்பது புங்கம். அடதோடா என்பது ஆடாதோடை. எலெட்டாரியா என்பது மலையாளத்தில் வழங்கும் ஏலத்தரி. டச்சு ஆளுநர் வான் ரீட் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவரச் செய்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் நூலுக்கு, இட்டி அச்சுதன் என்ற மலையாள வைத்தியர் மூலிகைச் செய்திகளை வழங்கினார். அந்நூலை மணிலால் ஆங்கிலத்திற் பெயர்க்க, கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது.

எனினும் பெயரறிவு ஒன்றே போதாது. திரைக்கோப்பஸ் செய்லானிக்கஸ் என்ற செடிக்கு விஞ்ஞானிகள் 1788-லேயே பெயரிட்டுவிட்டனர். ஏறத்தாழ இருநூறாண்டு கழித்து, 1987-இல், அகத்தியமலைப் பகுதிக்குச் சென்ற ஆராய்ச்சியாளருக்கு வழிகாட்டிய காணி மக்கள் அதன் கனியைத் தின்று களைப்பின்றி நடந்தனர். அதன் பின்னரே அச்செடியின் குணம் ஆராய்ச்சிச்சாலையை எட்டியது. பாலோடு தாவரவியற் பூங்கா நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, உரிமத் தொகையிற் பாதியைக் காணி மக்களுக்கு அளிக்க ஏற்பாடு செய்தது. நடந்து செல்பவர் வாயில் எதை மெல்லுகின்றார் என்று கவனித்தவரால் விளைந்தது இது.

இவ்வளவிற்கும் நேரம் ஏது, பரீட்சை உண்டே என்று ஆசிரியர் கூறுவர். குறை அவர்மீதன்று, மதிப்பெண் எங்குண்டோ அங்கேதான் மாணவன் செல்வான். ஆகவே செய்முறைத் தேர்வின் மதிப்பெண்களில் ஒரு பகுதியை, மாணவன் ஒரு பருவம் முழுதும் எழுதிய தேதியிட்ட குறிப்பேட்டிற்கு ஒதுக்குதல் வேண்டும். தேர்வாளர் அவ்வேட்டைப் பிரித்து, அதிலுள்ளதைப் பற்றியே மூன்று வினாக்கள் வாய்மொழியாகக் கேட்கட்டும். ஒரு வீட்டுத் தொட்டியில் நிகழ்ந்தது மற்றொரு வீட்டுத் தொட்டியில் அதே நாளில் நிகழாதாகையால், பார்த்தெழுதியவன் முதல் வினாவிலேயே அகப்பட்டுக்கொள்வான். கேரளத்துப் பள்ளிகள் திறப்பதும் மழை தொடங்குவதும் ஜூன் மாதத்திலேயே ஆகையால், முதற் குறிப்பை முதல் வாரத்திலேயே எழுதிவிடலாம்.