கிளைக்குள் தெளிக்கும் நறுமணம்

குளிரூட்டப்பட்ட வங்கிக் கிளைக்குள் நுழைந்ததும் எலுமிச்சையோ மல்லிகையோ மணந்தால் அதைத் தூய்மையின் அடையாளமாகவே பலரும் கருதுகின்றனர். இக்கருத்தில் எனக்கு உடன்பாடில்லை.

சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. பெரும்பாலும் வெளிக்காற்றை உள்ளே கொணர்வதில்லை. அறைக் காற்றையே மீண்டும் மீண்டும் குளிர்விக்கிறது. குளிர் வீணாகக் கூடாதென்று சன்னல்களையும் அடைத்துவிடுகிறோம். அந்நிலையில், காலையில் தெளித்த நறுமணப் பொருள் எளிதில் வெளியேறுவதில்லை. அது கெட்ட வாடையை நீக்குவதுமில்லை. பெரும்பாலும் அதன்மேல் வேறொரு மணத்தைப் போர்த்துகிறது. எலுமிச்சை மணம் தரும் லிமோனீன், காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும். சில லேசர் அச்சுப்பொறிகளும் நகல் பொறிகளும் சிறிதளவு ஓசோனை வெளியிடும். அவை இல்லாத வங்கி ஏது? ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. ஒரு கிளையில் உண்டாகும் அளவு சிறிதாகவே இருக்கக்கூடும். அச்சுறுத்துவது என் நோக்கமன்று. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு இறுகவும், சிலருக்குத் தலைவலி தோன்றவும் நறுமணத் தெளிப்பே போதும்.

கழிப்பறை உருண்டைகள் தனிக் கதை. சிலவற்றில் பாரா-டைகுளோரோபென்சீன் உள்ளது. காற்று நறுமணமூட்டிகளிலும் கழிப்பறை உருண்டைகளிலும் அதைத் தடைசெய்ய ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் விதி இயற்றியது.

வாடிக்கையாளர் பத்து நிமிடங்களில் திரும்பிவிடுவார். காசாளரோ கண்ணாடித் தடுப்புக்குள் நாள் முழுதும் அமர்ந்திருக்கிறார். நவம்பரில் உயிர்வாழ் சான்று அளிக்க வரும் ஓய்வூதியருள் மூச்சுத்திணறல் உடையோரும் உண்டு. மணத்தைக் குறை கூறுவது நாகரிகமன்று எனக் கருதி, வரிசையில் பேசாது நிற்பர். கல்லாவுக்கு முன் ஏற்றும் ஊதுவத்தியும் மூடிய அறையில் புகைதான். வழிபாட்டை மறுக்கவில்லை, சன்னலைத் திறந்துவைத்து ஏற்றலாம்.

வணிகவியல் படித்தவனுக்குக் கணக்கு பாராமல் இருக்க முடியாது. ஸ்பிரே குப்பிக்கு மாதந்தோறும் சில்லறைச் செலவு எழுதுகிறோம். புகைபோக்கி விசிறி ஒரு முறை வாங்கினால் ஆண்டுகள் பல உழைக்கும். வாடையின் மூலமோ பெரும்பாலும் கழுவாத ஏ.சி. வடிகட்டி, ஈரம் உலராத துடைப்புத் துணி, நிரம்பிய குப்பைக்கூடை ஆகியவையே. அவற்றைக் கவனித்து, அலுவல் தொடங்குமுன் அரை மணி நேரம் சன்னல்களைத் திறந்துவைத்தால் குப்பிக்கு வேலையிராது.

எந்தக் கிளையிலேனும் மணம் உங்களை வருத்தினால் தயங்காது மேலாளரிடம் கூறுங்கள். புகார்ப் பதிவேட்டிலும் எழுதலாம். அங்குப் பணிபுரிவோர் பலர் கேட்கத் தயங்கும் செய்தி அது.