பழைய விளையாட்டுப் பெட்டியும் சொல்லாமல் விட்ட குறைகளும்

நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு அருகில் குடும்பத்துடன் வசித்து வருகிறார். ஓர் இரவு, இஷா தொழுகை முடித்து நாம் வீடு திரும்பிய வேளையில் தொலைபேசியில் அழைத்தார். “ஹஜ்ரத், காசு போட்டு விளையாடும் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. வீடு மாறுகிறோம், அதை விற்றாக வேண்டும். விளையாட்டுச் சாமானை விற்ற காசு ஹலாலாகுமா?” என்று கேட்டார்.

சூது ஏதும் அதில் உண்டா என்று கேட்டோம். இல்லை, போடும் காசு விளையாடுவதற்கான கட்டணம் மட்டுமே, பரிசென்று எதுவும் திரும்பி வராது என்றார். சூதும் ஆபாசமும் இல்லாத, தொழுகையை மறக்கடிக்காத விளையாட்டைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகும் என்போரின் பக்கமே நம் மனம் சாய்கிறது. அதற்கு மேல் அதில் நேரம் செலவிட நாம் விரும்பவில்லை. ஏனெனில் அவர் அனுப்பிய விளம்பர வாசகத்தைப் படித்தபோது, அவர் கேட்காமல் விட்ட கேள்வியே நமக்குப் பெரிதாகத் தெரிந்தது.

“1980ஆம் ஆண்டின் அசல் பேக்-மேன் பெட்டி. ஆயிரக்கணக்கான விளையாட்டுகள். உள்ளது உள்ளபடி விற்பனைக்கு.” இதுவே அந்த வாசகம்.

பேக்-மேன் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் உருவாக்கிய விளையாட்டு. அமெரிக்காவில் அதைத் தயாரித்து விற்கும் உரிமையைப் பெற்றது சிகாகோ வட்டாரத்தின் மிட்வே நிறுவனம். ஆளுயர மஞ்சள் மரப்பெட்டி. உள்ளே நெட்டுக்குத்தாக வைத்த 19 அங்குலப் படக்குழாய். நடுவில் நான்கு திசைகளில் மட்டும் அசையும் ஒற்றை ஜாய்ஸ்டிக். ஆட்டத்தைத் தொடங்க இரண்டு பொத்தான்கள். அசல் என்பது இவ்வளவே.

நம் மாணவர் கைத்திறன் உள்ளவர். சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெட்டியை வாங்கியவர், உள்ளிருந்த போர்டையும் படக்குழாயையும் கழற்றிவிட்டு எல்.சி.டி. திரையையும் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியையும் பொருத்தினார். மற்ற விளையாட்டுகளுக்கும் பயன்பட வேண்டுமென்று முன்பலகையில் துளையிட்டு வரிசையாகப் பொத்தான்களை வைத்தார். ஜாய்ஸ்டிக்கை எட்டுத் திசை வகைக்கு மாற்றினார். தேய்ந்துபோன பக்கவாட்டு ஓவியத்தின் மேல் புதிதாக அச்சிட்ட ஸ்டிக்கரை ஒட்டினார்.

இவற்றில் எதுவும் பாவமில்லை. தன் உடைமையைத் தான் விரும்பியபடி மாற்றிக்கொள்வது அவருடைய உரிமை. விற்க முற்படும்போதுதான் பொறுப்பு வருகிறது. பழம்பொருள் சேகரிப்பவருக்கு அந்தத் துளைகள் அடைக்க முடியாத சேதம். விளையாட வாங்குபவருக்கோ துளை பொருட்டல்ல. ஆனால் எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் பேக்-மேன் மூலைகளில் சரியாகத் திரும்பாது என்பது அவருக்குக் குறை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்துரைக்கும் ஒரு நிகழ்ச்சி நம் நினைவுக்கு வந்தது. ஒருவர் முந்நூறு திர்ஹத்திற்கு ஒட்டகம் வாங்கிச் செல்கிறார். அங்கே நின்றிருந்த வாஸிலா (ரலி) அவர்கள் சற்றுக் கவனக்குறைவாக இருந்துவிட்டு, பிறகு அவரைக் கூவியழைத்தபடி பின்னாலேயே ஓடி, இறைச்சிக்கு வாங்கினீரா, சவாரிக்கா என்று கேட்கிறார்கள். சவாரிக்கு என்றதும், அதன் குளம்பில் துளை இருப்பதைச் சொல்கிறார்கள். வாங்கியவர் திரும்பி வர, விற்றவர் நூறு திர்ஹம் குறைக்க நேர்கிறது. வாஸிலா (ரலி) அந்த ஒட்டகத்தை விற்றவர் அல்லர், அருகில் நின்றவர் மட்டுமே. அவர்களுக்கே அந்தப் பொறுப்பு இருந்ததென்றால், தன் கையால் துளையிட்டு விற்பவருக்கு?

ஈரமான தானியத்தை அடியிலும் உலர்ந்ததை மேலும் வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸ் நாம் யாவரும் அறிந்ததே. பால் கறக்காமல் மடியைப் பெருக்கவிட்டு ஆட்டை விற்பதையும் அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்தவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் அளித்தார்கள். புதிய ஸ்டிக்கருக்கு மேலே ‘அசல்’ என்று எழுதுவது அந்தப் பெருத்த மடியைத் தவிர வேறென்ன?

“அதனால்தானே ஹஜ்ரத், உள்ளது உள்ளபடி என்று போட்டேன்” என்றார் மாணவர். அமெரிக்காவில் பழைய சாமான் விற்பவர்களிடையே அது வழக்கமான வாசகமாம். இதை ஃபிக்ஹு நூல்கள் எப்போதோ பேசிவிட்டன. எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு விற்பது ஹனஃபி மத்ஹபில் செல்லும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில், பிராணியின் உள்ளே மறைந்திருக்கும், விற்பவரும் அறியாத குறைக்கு மட்டுமே அது செல்லும், மரப்பெட்டிக்குச் செல்லாது. ஆனால் எந்த மத்ஹபிலும், தெரிந்த குறையை மறைத்த பாவத்தை அந்த வாசகம் நீக்காது. வாங்குபவர் முஸ்லிமா இல்லையா என்பதும் இதில் கணக்கில்லை. நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ‘ஒரே ஓனர், நல்ல கண்டிஷன்’ என்று வண்டி விற்கும் சகோதரர்களும் இவ்விடத்தை இருமுறை படிப்பது நல்லது.

அந்த ஆயிரக்கணக்கான விளையாட்டுகளே மிகக் கடினமான பகுதி. அவை ஒரு மெமரி கார்டில் இருந்தன. எங்கிருந்தோ இலவசமாக இறக்கியவை. பழைய விளையாட்டுகளைக் கணினியில் ஓடச் செய்யும் மேம் என்ற மென்பொருள் 1997இல் வெளிவந்தது. 2016 முதல் அது முழுமையான கட்டற்ற மென்பொருள். அதைப் பொருத்தித் தருவதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அதில் ஓடும் விளையாட்டுகளுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பேக்-மேன் சிப்புகளை நகலெடுத்து விற்ற ஆர்ட்டிக் என்ற நிறுவனத்தின் மீது மிட்வே தொடுத்த வழக்கில், 1983இல் சிகாகோவிலுள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் மிட்வேயின் பக்கமே தீர்ப்பளித்தது. நாட்டுச் சட்டம் இருக்கட்டும். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியும் தனது 43ஆம் தீர்மானத்தில், எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை, வணிகப் பெயர் ஆகியவை மார்க்கம் மதிக்கும் உரிமைகள், அவற்றில் அத்துமீறல் கூடாது என்று முடிவு செய்தது. பிறர் பொருளை அவர் அனுமதியின்றி விற்பது எப்படி நம் வியாபாரமாகும்?

“எல்லாவற்றையும் சொல்லி, கார்டையும் எடுத்துவிட்டால் யார் ஹஜ்ரத் வாங்குவார்? பாதி விலைகூட வராதே” என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. அந்தப் பணத்தை வீடு மாறும் செலவுக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. விலை குறையும் என்பதை நாமும் மறுக்கவில்லை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை விளக்கினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும் என்பது நபிமொழி. ஆனால் பரக்கத் என்பது மறுநாளே வங்கியில் வந்து விழும் தொகை என்று நாம் அவருக்கு வாக்களிக்க முடியாது.

மூன்று வாரங்களுக்குப் பிறகு அவரே அழைத்தார். ‘அசல் மரப்பெட்டி, உட்பகுதி முழுதும் மாற்றப்பட்டது’ என்று விளம்பரத்தைத் திருத்தி, துளைகளின் படத்தையும் போட்டிருக்கிறார். 2,000 டாலர் கேட்டிருந்த பெட்டி 850க்குப் போயிற்று. வாங்க வந்தவர், கழற்றிய பழைய போர்டு எங்கே என்று கேட்டாராம். அதுவும் படக்குழாயும் கார் கொட்டகையில் கிடந்தன. இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். மீண்டும் பொருத்துவதானால் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும், அனுபவமுள்ளவரைக் கொண்டே தொடச் செய்யுங்கள் என்று எச்சரித்தும் அனுப்பியிருக்கிறார். இதை நாம் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மெமரி கார்டை என்ன செய்தீர்கள் தம்பி என்று கேட்டோம். பிள்ளைகள் விடமாட்டேன் என்கிறார்கள் ஹஜ்ரத், இன்னும் மேசை டிராயரில்தான் இருக்கிறது என்றார்.