முத்தநாதன் கத்தியும் பகடையும்

நோர்வூட்டில் மழை விடாத ஒரு சனிக்கிழமை மாலை, என்பால் பாடங்கேட்கும் மாணவர் சிலர் என் வீட்டு மேசையைச் சுற்றியமர்ந்து ஓர் ஆட்டம் ஆடினர். ஒருவன் கதையை நடத்துவான். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவர். ஐயம் நேர்ந்தவிடத்து இருபது முகமுடைய பகடை தீர்ப்புக் கூறும். அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டு கைகாக்ஸ், ஆர்னெசன் என்னும் இருவர் படைத்து வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு மூலமாகும். வகுப்பில் வாய் திறவாத பிள்ளைகள் மூன்று மணிநேரம் தாமாகவே வசனம் பேசக் கண்டு எனக்குப் பொறாமையே உண்டாயிற்று.

அன்று அவர்கள் எடுத்துக்கொண்டது மெய்ப்பொருள் நாயனார் கதை. (அடியார் வரலாற்றை ஆட்டமாக்கலாமா எனச் சைவ அன்பர் சிலர் சினப்பர். காமனையும் அர்ச்சுனனையும் கூத்தாக ஆடிவரும் மலையகத்தார்க்கு இது புதிதன்று.) முத்தநாதனானவன் சுவடிக்கட்டினுள் கத்தியை மறைத்து வாயிலுக்கு வந்தான். விதி யாது? மறைப்பவன் கைத்திறத்துக்கு ஒரு பகடை. காவலன் கண்கூர்மைக்கு ஒரு பகடை. மிக்க எண் வெல்லும். தத்தனுக்கு 18 விழுந்தது. கத்தி அகப்பட்டது, கதை வாயிலிலேயே முடிந்தது!

"பகடை அப்படி விழுந்துவிட்டது, ஐயா" என்றனர். பகடைமேற் குற்றமில்லை, விதியே பிழை என்பேன் யான்.

சேக்கிழார் கூறுவதை நோக்குக. திருக்கோவலூர் வாயிற்காவலர் கண்ணிலரா? நன்றாகக் கண்டனர். கண்டது திருநீறும் சடைமுடியும், ஆதலின் வழிவிட்டனர். கடைவாயிலில் தத்தன் ஒருவனே தடுத்தான். அவனும் கட்டினுள் யாதுளது என வினவினானல்லன். அரசன் துயில்கின்றான், சமயமறிந்து செல்க என்றான். யான் அவர்க்கு உறுதி கூற வேண்டும், நீ நில் எனக் கூறி அவனையுங் கடந்து புகுந்தான் வஞ்சகன். கத்தி ஒளிந்திருந்தது ஓலைக்குள் அன்று, காவலர் பக்திக்குள். தொழுத கையினுள்ளும் படை ஒடுங்கும் என்னும் 828-ஆம் குறட்கருத்தும் இதுவே.

கூந்தற்பின்னலில் படைக்கலம் மறைத்து அரசி ஒருத்தி விதூரதனைக் கொன்றாள் என்கிறது அர்த்தசாத்திரம். அதற்கு அந்நூல் விதிக்கும் காப்பு, கூர்ங்கண் வீரன் ஒருவனை நிறுத்துவதன்று. முதுபெண் ஒருத்தி சோதித்த பின்னரே அரசன் தேவியைக் காண்க என்பது. சோதிக்கும் உரிமை யாருக்கு என்பதைக் கௌடிலியர் முதலில் தீர்த்துக்கொண்டார்.

இங்கே கவ்வாத்துக் காலத்தில் கூரிய கத்தியோடு ஆடவர் சாலையில் நடப்பர். எவரும் திரும்பிப் பாரார். அதே கத்தி கலியாணப் பந்தலுள் நுழைந்தால் நூறு கண்கள் திரும்பும். கத்தியின் நீளமோ ஒன்றே.

ஆகவே யான் சொன்ன திருத்தம் இது: இவனைச் சோதிக்கக் காவலனுக்கு மனம் வருமா, உரிமை உண்டா என்பதை இருவரும் முதலில் பேசித் தீர்க்க வேண்டும். பேச்சால் தீராதபோதே பகடை உருளலாம்.

மீண்டும் ஆடினர். தத்தனாக இருந்தவன் சற்றே சிந்தித்தான், பின்னர் எழுந்து கைகூப்பி, "சுவாமி, நெடுந்தூரம் நடந்து வந்திருக்கிறீர்கள். சுவடிக்கட்டை அடியேன் சுமந்து வருகிறேன், தாருங்கள்" என்றான்.

முத்தநாதன் விழித்தான். பகடையை ஒருவரும் தொடவில்லை.