ப்ளக் இன்னை அழிக்கும் முன்...

வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஒரு புதிய ஆசை. டிவி, ஸ்பீக்கர் எல்லாம் வந்து சேரும் ஏ.வி. ரிசீவரை மொபைல் போனிலிருந்தே ஆன் செய்ய வேண்டும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இது நடக்கக் கூடியதுதான். ஹோம் அசிஸ்டெண்ட், ஹோம்பிரிட்ஜ் போன்ற இலவச சாப்ட்வேர் ஒன்றை, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் பதிந்து, உங்கள் ரிசீவருக்கான ப்ளக் இன்னைச் சேர்த்தால் போதும். ப்ளக் இன் என்பது பெரிய சாப்ட்வேருடன் இணைந்து கூடுதலாக ஒரு வேலையைச் செய்யும் சிறிய புரோகிராம்.

முதல் வாரம் பிரமாதமாக இருக்கும். பிறகு தொல்லை தொடங்கும். இன்று ஆன் ஆகும், நாளை ஆகாது. போன் திரையில் 'ஆன்' என்று காட்டும். ரிசீவரில் ஒரு விளக்கும் எரியாது. உடனே பலரும் செய்வது ப்ளக் இன்னை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான். இது பெரும்பாலும் வீண் வேலை என்பது என் கருத்து. போன், கம்ப்யூட்டர், ரவுட்டர், ரிசீவர் என நான்கு இடங்களில் எங்கு வேண்டுமானாலும் கோளாறு இருக்கலாம். மறுபடி இன்ஸ்டால் செய்வது அதில் ஒன்றை மட்டுமே தொடுகிறது.

முதலில் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். மின்சாரம் போய் வந்தால் ரவுட்டர் உங்கள் ரிசீவருக்கு வேறு முகவரி கொடுத்துவிடலாம். ப்ளக் இன் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டர் செட்டிங்ஸில் ரிசீவருக்கென ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இந்தப் பிரச்னை தீர்ந்தது.

அடுத்து ரிசீவரின் மெனு. ஸ்டாண்ட்பை நிலையில் நெட்வொர்க் பகுதியும் உறங்கிவிட்டால், ஆன் செய்யச் சொல்லும் கட்டளையைக் கேட்க அங்கே ஆள் இல்லை. டெனான் ரிசீவர்களில் 'நெட்வொர்க் கண்ட்ரோல்' என்பதை 'ஆல்வேஸ் ஆன்' என மாற்ற வேண்டும். ஆன்கியோ, யமஹாவில் இதற்கு 'நெட்வொர்க் ஸ்டாண்ட்பை' என்று பெயர்.

மூன்றாவது, போட்டி. டெனான், மராண்ட்ஸ் மாடல்கள் பலவற்றில் டெல்நெட் எனப்படும் 23 ஆம் எண் போர்ட் வழியாக ஒரு நேரத்தில் ஒரு சாப்ட்வேர் மட்டுமே பேச முடியும். வேறொரு புரோகிராம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் ப்ளக் இன் வெளியே நிற்க வேண்டியதுதான்.

நான்காவது, அவசரம். கட்டளைகளுக்கு இடையே 50 மில்லி செகண்ட் இடைவெளி வேண்டும், ஆன் செய்த பின் 1 செகண்ட் பொறுக்க வேண்டும் என்கிறது டெனானின் கட்டளைக் குறிப்பேடு. 'சினிமா' என்ற ஒரே பட்டனில் ஆன், இன்புட், வால்யூம் மூன்றையும் ஒன்றாக அனுப்பினால் முதலாவது மட்டும் நடந்து மற்றவை தொலைந்து போகலாம். நடுவே சில செகண்ட் தாமதம் சேர்த்துப் பாருங்கள்.

இவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓரிரு நாள் கவனியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாது. கோளாறு திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ப்ளக் இன் எழுதுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பலர் சம்பளம் இல்லாமல் எழுதுகிறார்கள். அவர்களைத் திட்டுவது நியாயமில்லை. ஆனால் கட்டளையை அனுப்பியவுடனே, ரிசீவர் பதில் சொல்லும் முன், திரையில் 'ஆன்' என்று காட்டுவது சரியல்ல. அனுப்பியாயிற்று என்பது வேறு, நடந்தது என்பது வேறு. 'பதில் இல்லை' என்று காட்டினால் பயனாளருக்கு எங்கே தேடுவது என்றாவது தெரியும். நீங்களும் புகார் எழுதும்போது 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாமல், ரிசீவர் மாடல், ப்ளக் இன் பதிப்பு, கோளாறு நடந்த நேரம், அந்த நேரத்து லாக் பைல் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது வால்யூம். டெனான் அளவுகோலில் 80 என்பதே 0 டெசிபல். 98 வரை போகும். டெசிபல் 10 கூடினால் காதுக்குச் சத்தம் சுமார் இரு மடங்காகத் தெரியும். போன் திரையில் விரல் தவறி வழுக்கினால் ஸ்பீக்கரும் போகும், தூங்கும் குழந்தையும் அலறும். ரிசீவரின் மெனுவிலேயே வால்யூம் லிமிட் வசதி இருந்தால், ப்ளக் இன் பதியும் முன்பே 60 அல்லது 70 என வைத்துவிடுங்கள். ப்ளக் இன் தவறினாலும் ரிசீவர் அந்த எல்லையைத் தாண்டாது.

பழைய ரிமோட்டில் பேட்டரி போட்டு டிவி அருகிலேயே வையுங்கள். நீங்கள் கோளாறைத் தேடி முடிக்கும் வரை வீட்டில் உள்ளவர்கள் செய்தி பார்க்காமல் காத்திருக்க வேண்டியதில்லை.