ஸ்காட்லாந்தின் வாக்கும் சர்க்காரின் கணக்கும்

ஒரு தேசத்தார் தனியாட்சி ஏற்பதா, பழைய சம்பந்தத்திலேயே நிலைத்திருப்பதா என்று தீர்மானிக்க வேண்டிய நாள் வருமாயின், அந்நாளுக்கு முன் அவர்கள் அறிந்திருக்க வேண்டியவை யாவை? அவற்றை அறிவிக்கும் கடமை யாருடையது? 2014-ஆம் வருஷம் செப்டம்பர் 18-ந் தேதி ஸ்காட்லாந்தில் நடந்த வாக்கெடுப்பை ஆராய்வோருக்கு இவ்விரண்டு கேள்விகளும் எழாமற் போகா. 1707-ல் இங்கிலாந்துடன் ஒன்றுபட்ட அத்தேசத்தார், ஒரு துப்பாக்கியும் வெடியாமல், வாக்குச் சீட்டினாலேயே தமது கதியை நிர்ணயம் செய்தனர். வாக்குரிமை பெற்றவர்களில் 84.6 சதவிகிதத்தினர் வாக்களித்தனர். 55.3 சதவிகிதத்தினர் சுதந்திரம் வேண்டாமென்றும், 44.7 சதவிகிதத்தினர் வேண்டுமென்றும் கூறினர். தீர்ப்பைத் தோற்றவர்களும் ஏற்றனர். இதனை மெச்சாதார் யார்? ஆயினும், அந்த ஜனங்களின் முன்னே எல்லாக் கணக்கும் விரித்து வைக்கப்பட்டதா என்று கேட்டால், இல்லை என்றே விடையிறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில், சுதந்திரம் கோரிய ஸ்காட்லாந்து சர்க்காரை எடுத்துக்கொள்வோம். அவர்கள் 2013 நவம்பர் 26-ந் தேதி 600 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு வெள்ளை அறிக்கையை வெளியிட்டனர். நாணயம், வரி, ராணுவம், ஓய்வூதியம், பிரஜா உரிமை முதலிய விஷயங்களைப் பற்றி அதில் விவரமாக எழுதினர். சுதந்திர தினம் 2016 மார்ச்சு 24 என்றுங்கூடக் குறித்தனர். சுதந்திரம் கோருவோர் வெறும் முழக்கத்தோடு நில்லாமல் இவ்வளவு எழுதி ஜனங்கள் கையிற் கொடுத்தது பாராட்டத்தக்கதேயாம்.

ஆனால், எழுதியவற்றைவிட எழுதாதவையே பின்னர் அவர்களுக்குப் பகையாயின. சுதந்திர ஸ்காட்லாந்து ஐரோப்பிய யூனியனில் அங்கம் பெறுமா என்பதைப் பற்றிச் சட்ட ஆலோசனை பெற்றதுண்டா என்று கேட்கப்பட்டது. சர்க்கார் விடையிறுக்க மறுத்தனர். தகவல் கமிஷனர் 2012-ல் உத்தரவிட்ட பின்பும் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குச் சென்றனர். கடைசியில் அவ்வருஷம் அக்டோபரில், அரசாங்க வக்கீல்களின் ஆலோசனை இனிமேல்தான் பெறப்படும் என்று உதவி முதல் மந்திரி ஸ்டர்ஜன் அம்மையார் சட்டசபையில் அறிவிக்க நேர்ந்தது. பெறாத ஆலோசனையை மறைத்துக் காக்கப் பொதுப் பணத்தில் வழக்காடியது என்ன நியாயம்?

நாணய விஷயமும் அப்படியே. பவுன் நாணயத்தையே இங்கிலாந்துடன் கூட்டாக வைத்துக்கொள்வோம் என்றனர். 2014 பிப்ரவரி 13-ந் தேதி லண்டன் நிதி மந்திரி ஆஸ்போர்ன் அதற்கு இணங்க முடியாதென்றார். மற்ற இரு பெருங் கட்சிகளும் ஆமோதித்தன. ஸ்காட்லாந்து சர்க்காரின் நிபுணர் குழு வேறு வழிகளையும் ஆராய்ந்திருந்தது. இருந்தும், ஆகஸ்டு 5-ந் தேதி நடந்த பகிரங்க வாதத்தில், மாற்று வழி யாதென்று வினவப்பட்டபோது முதல் மந்திரி சால்மண்ட் நேரான விடை கூறவில்லை. எண்ணெய் வருமானமோ, 2016–17-ல் 680 கோடி முதல் 790 கோடி பவுன் வரை கிடைக்குமென்று அவ்வறிக்கை மதிப்பிட்டது. பீப்பாய் ஒன்று 110 டாலருக்கு மேல் விற்கும் என்பது அதன் அஸ்திவாரம். 2016 ஜனவரியில் விலை 30 டாலருக்குங் கீழே இறங்கிற்று. 2015–16-ல் ஸ்காட்லாந்தின் பங்கு 6 கோடி பவுன்தான் என்று அச்சர்க்காரின் கணக்கே பின்னர் கூறிற்று. விலை வீழ்ச்சியை முன்னறியவில்லை என்று நாம் குறை கூறவில்லை. வீழ்ந்தால் என்ன செய்வோம் என்பதை ஜனங்களிடம் விளங்கச் சொல்லாததே குறை.

நிற்க. லண்டன் சர்க்காரின் நடத்தை யாது? அவர்களும் 2013 முதல் ஆராய்ச்சி அறிக்கைகள் பலவற்றை வெளியிட்டனர். நாணயக் கூட்டு வேண்டாமென்று பொக்கிஷ இலாகாவின் தலைமை அதிகாரி மந்திரிக்கு எழுதிய ஆலோசனையையும் வழக்கத்துக்கு மாறாகப் பிரசுரித்தனர். ஆனால், ஸ்காட்லாந்து ஜனங்கள் சுதந்திரம் வேண்டுமென்று வாக்களித்துவிட்டால் மறுநாட்காலை என்ன செய்வது என்பதற்கு மட்டும் திட்டம் எதுவும் தயாரிக்கவில்லை என்றே சொல்லி வந்தனர். பிரிவினை நேருமென்று நாங்கள் எண்ணவில்லை, ஆகையால் ஏற்பாடும் இல்லை என்பது அவர்கள் வாதம். மழை பெய்யாது என்று நம்புகிறவன் ஏரிக்கரையைச் செப்பனிடாமல் விட்டதுபோலும்!

இந்த வாதத்தின் பொய்ம்மையை அவர்களே வெளிப்படுத்தியதுதான் விந்தை. 2014 ஜனவரி 13-ந் தேதி, வாக்கெடுப்பின் முடிவு எதுவாயினும் பிரிட்டிஷ் சர்க்கார் அதுவரை வாங்கிய கடன் முழுவதற்கும் தாங்களே பொறுப்பு என்று பொக்கிஷ இலாகா அறிவித்தது. ஏன்? கடன் பத்திரம் வைத்திருந்தோர் கவலைப்பட்டனர். இங்கிலாந்து பாங்க்கின் கவர்னரும் அவ்வருஷம் ஆகஸ்டில், பாங்க்கிடம் ஏற்பாடுகள் உண்டென்று கூறினார். அவை எவை என்று மட்டும் கூறவில்லை. ஆக, கடன் கொடுத்தவனுக்குத் திட்டம் உண்டு. பாங்க்கிற்குத் திட்டம் உண்டு. வாக்களிக்கும் பிரஜைக்கு மட்டும் இல்லை! அன்றியும், வேண்டாமென்று வாக்களித்தால் அதிக அதிகாரம் தருவோம் என்று மூன்று கட்சித் தலைவர்களும் கையொப்பமிட்ட வாக்குறுதி வெளியானது வாக்கெடுப்புக்கு இரண்டே நாள் முன்பு. அதன் ஷரத்துக்களைச் சீர்தூக்கிப் பார்க்க ஜனங்களுக்கு அவகாசம் ஏது?

இவ்வழக்கத்தின் பலனை இங்கிலாந்தும் அனுபவித்தது. 2016 ஜூன் 23-ந் தேதி, ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவதென்று 51.9 சதவிகிதத்தினர் வாக்களித்தனர். விலகல் நேருமென்று காமரோன் மந்திரிசபை ஆயத்தம் செய்திருக்கவில்லை. இது மாபெரும் அசிரத்தை என்று காமன்ஸ் சபையின் வெளிநாட்டு விவகாரக் கமிட்டியே அடுத்த மாதத்தில் கண்டித்தது.

அவிபக்த குடும்பத்தில் பாகப்பிரிவினை கோரும் வழக்கை நமது வாசகர்கள் அறிவார்கள். பாகம் கேட்பவன் தன் பங்கை வைத்து எப்படி ஜீவிப்பான் என்பது அவன் பொறுப்பு. ஆனால், கையிலுள்ள சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதைக் குடும்பத்தின் கர்த்தா சொல்லியே ஆகவேண்டும். பாகம் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை, ஆகையால் கணக்கும் காட்டேன் என்றால் எந்த நீதிபதி ஒப்புவார்? கணக்குக் காட்டுவது பிரிவினைக்குச் சம்மதிப்பதாகாது. கணக்கைப் பார்த்த பின், ஒன்றாயிருப்பதே லாபம் என்று இளையவன் திரும்பினாலும் திரும்பலாம்.

மூடுமந்திரத்தின் விலை என்ன என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948 ஜூனுக்குள் அதிகாரத்தை மாற்றுவோம் என்று 1947 பிப்ரவரியில் சொன்ன அதே லண்டன் சர்க்கார், அந்நாளை 1947 ஆகஸ்டு 15-க்கு இழுத்தனர். எல்லை வகுக்க வந்த ராட்கிளிப் ஜூலை 8-ந் தேதிதான் இந்தியாவில் அடிவைத்தார். அவருடைய தீர்ப்பு சுதந்திர தினத்துக்கு முன்பே சித்தமாகியும், ஆகஸ்டு 17-ந் தேதிதான் பிரசுரமாயிற்று. முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடியும் குல்னாவில் இந்தியக் கொடியும் ஏறி, சில நாட்களில் மாறின. தாம் எந்த நாட்டுப் பிரஜை என்றறியாமலே லட்சோபலட்சம் ஜனங்கள் சுதந்திர தினத்தைக் கண்டனர். ஸ்காட்லாந்தின் நிலைமை வேறு என்பது மெய்யே. ஆனால், ஜனங்களின் விதியை எழுதிய காகிதத்தை ஜனங்களிடமிருந்தே மறைப்பது எங்கும் ஒரே குற்றந்தான்.

பேரம் பேசப் போகிறவன் தன் கையிலுள்ள சீட்டையெல்லாம் காட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். பேரத்தில் எதுவரை இறங்குவோம் என்பதை மறைக்கலாம். ஆனால் சொத்தும் கடனும் ரகசியமல்ல. சட்ட ஆலோசனை பெற்றதா இல்லையா என்பது ரகசியமல்ல. எண்ணியது நடவாவிடில் ஓய்வூதியக்காரருக்கு எந்த நாணயத்தில் பணம் வரும் என்பது ஒருக்காலும் ரகசியமாகாது.

ஸ்காட்லாந்தில் இந்த வினா இன்னும் ஓயவில்லை. லண்டன் பார்லிமெண்டின் சம்மதமின்றி மறு வாக்கெடுப்புக்குச் சட்டமியற்ற ஸ்காட்லாந்து சட்டசபைக்கு அதிகாரமில்லை என்று 2022 நவம்பர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதற்குச் சற்று முன், முதலில் பவுனையே வழங்கிப் பின்பு சொந்த நாணயம் ஏற்படுத்துவது என்று ஸ்காட்லாந்து சர்க்கார் தமது புதிய அறிக்கையில் கூறினர். 2014-ல் சொல்லியிருக்க வேண்டியதை 2022-ல் சொன்னார்கள். இனியொரு முறை அந்த ஜனங்கள் வாக்குச் சாலைக்குச் செல்வார்களாயின், இரு சர்க்கார்களும் தத்தம் திட்டத்தையும், திட்டம் தவறினால் செய்யப் போவதையும் முன்கூட்டியே அச்சிட்டு அவர்கள் கையிற் கொடுக்கட்டும். தேசம் ஜனங்களுடையது, அதன் கணக்கும் ஜனங்களுடையதே. அதை மறைத்துப் பெறும் வாக்கு, எந்தப் பக்கம் விழுந்தாலும், முழு வாக்காகாது.