‘போதும்’ எனும் நேர்மை

தருமமாகக் கொடுப்பது எதுவாயினும் நன்றே என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. கொடுப்பவரின் மனத்தைப் பார்க்க வேண்டும், பொருளைப் பார்க்கலாகாது என்பர். பேரிடர்க் காலத்தில் இதைவிடத் தீங்கான எண்ணம் வேறில்லை என்பேன்.

2004 டிசம்பர் 26, திருக்குடும்பத் திருவிழா ஞாயிறு. காலை ஆறரை மணியளவில் சுமத்ரா அருகே கடலடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. இரண்டு மணி நேரத்திற்குப் பின் தேவனாம்பட்டினத்திலும் சோனங்குப்பத்திலும், சிதம்பரத்திற்குக் கிழக்கே கிள்ளைக் கடலோரத்திலும் ஆழிப்பேரலை புகுந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அடுத்த சில நாள்களில் கடலோரச் சாலைகளில் பழந்துணி மலையெனக் குவிந்தது. மீனவ மக்கள் அதைத் தொடவும் மறுத்தனர். நன்றி கெட்டவர்கள் என்று முணுமுணுத்தோரும் உண்டு. நாம் கழித்ததை வீடிழந்தவர் உடுத்திக்கொள்ள வேண்டும் என எதிர்பார்ப்பதற்கு ஈகை என்றா பெயர்?

துணியாவது மக்கிப்போகும், மருந்து அப்படியன்று. அதே அலையால் அழிந்த இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு ஏறத்தாழ 4,000 டன் மருந்து வந்து இறங்கியது. தேவைப்பட்டோரோ 20 இலட்சத்திற்கும் குறைவு. பெரும்பாலான பெட்டிகளின் எழுத்தை அங்குள்ளவர்களால் படிக்கவே இயலவில்லை. 600 டன்னை அழிக்க வேண்டியதாயிற்று. இது புதிய கதையுமன்று. 1988-இல் ஆர்மீனிய நிலநடுக்கத்தின்போது வந்த 5,000 டன் மருந்துப் பொருள்களைப் பிரித்தடுக்க 50 பேருக்கு ஆறு மாதம் பிடித்தது. முடிவில் ஐந்தில் ஒரு பங்கு குப்பைக்குப் போயிற்று. காயத்திற்குக் கட்டுப்போட வேண்டிய கைகள் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தன! கேட்காத மருந்தை அனுப்பாதீர்கள் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1996-இலேயே நெறிமுறை வகுத்தது. கேட்டவர் எத்தனை பேர்?

நம் கடலோரத்தில் தேவைப்பட்டதுதான் என்ன? மருத்துவருக்குப் பஞ்சமில்லை. கடலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனையும், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் 1985 முதல் ஒரு மருத்துவக் கல்லூரியும் இருந்தன. தூய குடிநீர், பிளீச்சிங் பவுடர், கழிப்பிடம், பிள்ளைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி ஆகியவையே முதல் தேவைகள். இவற்றைப் புகைப்படம் எடுத்து எவரும் மாட்டி வைப்பதில்லை. எல்லாரும் அஞ்சிய காலரா பரவவில்லை. எவரும் பேசாத தட்டம்மைதான் மாவட்டத்தின் சில ஊர்களில் தலைகாட்டியது.

இன்னொரு தேவையைத் தொலைவிலிருந்து எவர்தாம் ஊகித்திருப்பர்? குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட தாய்மார் பலர் பெற்ற பிள்ளைகளை அலைக்குக் கொடுத்துவிட்டு நின்றனர். கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைச் சிகிச்சையை இலவசமாகச் செய்து தர 2005-இல் தமிழக அரசு முன்வந்தது. அந்தத் தாய்மாரின் அருகில் அமர்ந்து கேட்டால்தான் இத்தகைய தேவை தெரியவரும். ஒரு நாள் முகாமிட்டு, இருமல் மருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, மாலையில் ஊர் திரும்புவோருக்கு இது தெரிய வழியில்லை.

இந்த ஆரவாரத்தின் நடுவே ஒரே ஓர் அமைப்பு அரிய காரியம் ஒன்றைச் செய்தது. 1971-இல் பிரான்சில் தோன்றிய ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு, சுனாமி நிகழ்ந்து பத்து நாள் ஆகுமுன்பே, “எங்கள் சுனாமிப் பணிக்கு வேண்டிய பணம் வந்துவிட்டது, இதற்கென இனி அனுப்ப வேண்டாம்” என்று அறிவித்தது. மிகுதியை வேறு நெருக்கடிகளுக்குச் செலவிடலாமா, அல்லது திருப்பித் தரட்டுமா என்று கொடுத்தவர்களையே கேட்டது. கொடை குறைந்துவிடும் எனப் பிற அமைப்புகள் சினந்தன. ஆயினும் திருப்பிக் கேட்டோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரே. மெய்யைச் சொன்னால் மக்கள் கை சுருங்கிவிடும் என்போர் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

நம் கடலூருக்கு 2011-இல் தானே புயலும் 2015-இல் பெருவெள்ளமும் வந்தன. இனியும் வரும். அப்போது நம் பங்குகளில் நிவாரணம் திரட்டுவோர், துன்புற்ற ஊரிலிருந்து வந்த தேவைப் பட்டியலைத் திருப்பலி முடிவில் வாசிக்கட்டும். பட்டியலில் இல்லாததை ஆலய வாயிலிலேயே திருப்பி அனுப்பட்டும். வேண்டியது சேர்ந்ததும், அடுத்த ஞாயிறே, “போதும்” என்று அறிவிக்கட்டும்.